எண்ணெய் வார்க்கப்பட்டவர்: மேசியா என்றால் யார், இயேசுவைச் சொந்த மக்கள் ஏன் ஏற்கவில்லை?

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் கிறிஸ்துராஜ் என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயருக்குள் ராஜா இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறார். 'கிறிஸ்து' என்பதே அரசனுக்குரிய பட்டமாக இருந்த சொல்தான். 'இயேசுகிறிஸ்து' என்று ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, பட்டம் கரைந்து பெயரோடு பெயராகிவிட்டது. முதல் நூற்றாண்டு யூதேயாவில் ஒருவரைப் பார்த்து "நீர் கிறிஸ்து" என்று சொல்வது சும்மா சொல்லிவிட்டுப் போகிற பேச்சில்லை. ரோம அதிகாரியின் காதில் விழுந்தால் தலை போய்விடும்.

எபிரேயத்தில் அந்தச் சொல் மாஷியாஹ். அதைத்தான் நாம் மேசியா என்கிறோம். கத்தோலிக்கர் மெசியா என்று எழுதுவார்கள். கிரேக்கத்தில் அதை மொழிபெயர்த்துக் கிறிஸ்தோஸ் என்றார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எண்ணெய் வார்க்கப்பட்டவர். குர்ஆனும் ஈஸா நபியை மஸீஹ் என்றே அழைக்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்' என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'அருள்பொழிவு பெற்றவர்' என்கிறது. எனக்குப் பழைய சொல்தான் பிடிக்கும். பட்டாபிஷேகம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். நம் கதைகளில் புண்ணிய நதிகளின் நீர். அங்கே எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த எண்ணெய்க்குச் செய்முறையே இருக்கிறது. பைபிளின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் ஒரு மளிகைச் சீட்டுப்போல வரும்: வெள்ளைப்போளம் 500 சேக்கல் (பழைய எடை அளவு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, இவற்றோடு ஒலிவ எண்ணெய். ஆசாரியர்களுக்கும் (வழிபாடு நடத்தும் குருக்கள்), அவர்கள் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்கும் பூசவேண்டிய தைலம் இது. வேறு யார் மேலும் வார்க்கக் கூடாது, வீட்டில் செய்து பார்க்கவும் கூடாது. (வசம்பு என்றதும் கைக்குழந்தை இருக்கும் வீட்டின் வாசம் எனக்கு மூக்கில் ஏறுகிறது. மூலத்தில் உள்ளது அதே செடிதானா, வேறொரு மணப்புல்லா என்று அறிஞர்களுக்குள் பேச்சு உண்டு.) அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் தலையிலும் எண்ணெய்தான். பெத்லகேமில் ஈசாயின் எட்டு மகன்களில் கடைக்குட்டி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது. அவனை ஆள் அனுப்பி வரவழைத்து, அண்ணன்மார் பார்த்துக்கொண்டிருக்க, தீர்க்கதரிசி சாமுவேல் தைலக்கொம்பைக் கவிழ்த்தார்.

ஆக, பழைய ஏற்பாட்டில் மேசியா என்பவர் எங்கோ எதிர்காலத்தில் வரப்போகிறவர் அல்லர். பெரும்பாலும் அப்போது அரியணையில் இருந்த ராஜா, அல்லது ஆசாரியர். ஏசாயா 45ஆம் அதிகாரம் பெர்சிய மன்னன் கோரேசையே (சைரஸ்) அந்தப் பட்டத்தால் அழைக்கிறது. அவன் யூதனும் இல்லை, இஸ்ரவேலின் கடவுளை அறிந்தவனும் இல்லை. நாடு கடத்தப்பட்ட மக்களை ஊருக்குத் திரும்ப விட்டான் என்பதே அவன் தகுதி.

பிறகு எப்படி அது 'வரப்போகிற ஒருவர்' ஆனது?

அரியணை காலியானபோது

நாத்தான் என்ற தீர்க்கதரிசி தாவீதுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தார்: உன் வம்சத்தின் சிங்காசனம் என்றென்றும் நிலைத்திருக்கும். மக்கள் அதை நம்பினார்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக தாவீதின் வம்சம் எருசலேமில் ஆண்டும் வந்தது. கி.மு. 586இல் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் நகரத்தைப் பிடித்து ஆலயத்தைக் கொளுத்தினான். கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்முன்னே அவன் பிள்ளைகளை வெட்டினார்கள். பிறகு அவன் கண்களைக் குருடாக்கி வெண்கல விலங்கு போட்டு இழுத்துப் போனார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது பிள்ளைகளின் சாவு.

வாக்கு என்ன ஆயிற்று? பைபிளின் பாடல் தொகுப்பில் 89ஆம் சங்கீதத்தை முழுவதும் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முற்பாதி முழுக்க அந்த வாக்கைப் பாடிப் புகழ்கிறது. திடீரென்று குரல் உடைந்து, 'நீர்தானே அபிஷேகம் பண்ணினீர், நீரே அவன் கிரீடத்தைத் தரையில் தள்ளினீரே' என்று கடவுளிடமே முறையிடுகிறது. மேசியா எதிர்பார்ப்பின் விதை அந்த முறையீட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடவுள் பொய் சொல்லமாட்டார், ஆனால் அரியணையில் ஆளில்லை. அப்படியானால் ஒருவர் இனிமேல்தான் வரவேண்டும்.

அடுத்த ஐந்நூறு ஆண்டுகளும் பெரும்பாலும் பிறர் ஆட்சியே. பெர்சியர், பிறகு அலெக்சாந்தர், அவன் தளபதிகளின் வாரிசுகள். கி.மு. 167இல் அந்தியோகு என்ற செலூக்கிய மன்னன் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியபோது மக்கபேயர் குடும்பம் எழுந்து அடித்து, மூன்று ஆண்டுகளில் ஆலயத்தை மீட்டது. அதன்பின் கொஞ்ச காலம் சொந்த ஆட்சி. ஆனால் ஆண்டவர்கள் தாவீதின் வம்சத்தார் இல்லை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமுக்குள் நுழைந்ததோடு அதுவும் முடிந்தது. பிறகு ரோமின் தயவில் ஏரோது, கி.பி. 6 முதல் யூதேயாவை நேரடியாக ஆளுநர்கள் ஆண்டார்கள்.

பொம்பேயு வந்துபோன கொஞ்ச காலத்தில் எழுதப்பட்ட பாடல் தொகுப்பு ஒன்று உண்டு. 'சாலமோனின் சங்கீதங்கள்' என்பார்கள். நம் பைபிளில் இல்லாதவை. அதில் 17ஆம் பாடல் தாவீதின் மகனைக் கேட்டு மன்றாடுகிறது: அவர் வந்து அந்நியரிடமிருந்து எருசலேமைச் சுத்திகரிக்கவேண்டும், சிதறிய மக்களைக் கூட்டிச் சேர்க்கவேண்டும். சாதாரண மக்கள் மனதில் இருந்த மேசியா ஏறக்குறைய இவர்தான். எல்லாரும் ஒரே ஆளை எதிர்பார்த்தார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. 1947 முதல் சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒன்று இரண்டு மேசியாக்களைப் பேசுகிறது: ஆரோனின் வழியில் ஒருவர், இஸ்ரவேலின் வழியில் ஒருவர். ஆசாரியர் தனி, அரசர் தனி. ஆலய நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த சதுசேயருக்கோ, இருக்கிற ஏற்பாடே போதும் என்றிருந்தது.

நாசரேத்தில் ஒரு ஓய்வுநாள்

இயேசுவின் கதையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் ஒன்றான யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு வசனம்: "அவர் தமக்குச் சொந்தமானதிலே வந்தார், அவருக்குச் சொந்தமானவர்களோ அவரை ஏற்றுக்கொள்ளவில்லை." இந்தச் 'சொந்தம்' யார்? பிரசங்கங்களில் சட்டென்று 'யூதர்கள்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். சுவிசேஷங்களைப் படித்தால் அந்தச் சொந்தம் வீட்டிலிருந்தே தொடங்குகிறது. மாற்கு 3ஆம் அதிகாரத்தில் அவருடைய உறவினர்கள் 'இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது' என்று பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள். அவருடைய சகோதரர்களும் அவரை நம்பவில்லை என்று யோவான் ஒளிக்காமல் எழுதுகிறார். வீட்டுக்கு அடுத்தது ஊர்.

ஊரில் நடந்ததை லூக்கா 4ஆம் அதிகாரம் மெதுவாகக் காட்டுகிறது. ஓய்வுநாள், யூதர்கள் கூடித் தொழும் ஜெபஆலயம். இயேசு வாசிக்க எழுந்து நிற்கிறார். ஏசாயாவின் சுருளைக் கையில் கொடுக்கிறார்கள். விரித்து வாசிக்கிறார்: "கர்த்தருடைய ஆவியானவர் என்மேலிருக்கிறார், தரித்திரருக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும்படி என்னை அபிஷேகம்பண்ணினார்." அபிஷேகம். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே பின்வரிசைக் கிழவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். வாசித்து முடித்துச் சுருளைச் சுருட்டிப் பணிவிடைக்காரனிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறார். உட்கார்ந்துவிட்டால் முடிந்தது என்று நமக்குத் தோன்றும். அங்கே போதகர் உட்கார்ந்தால்தான் போதனை தொடங்குகிறது. அதனால்தான் எல்லாருடைய கண்களும் அவர்மேல் இருந்தன என்கிறார் லூக்கா. 'இந்த வேதவாக்கியம் உங்கள் காதுகள் கேட்க இன்று நிறைவேறிற்று' என்கிறார் இயேசு.

அவர் வாசித்த பகுதியை ஏசாயா 61ஆம் அதிகாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசனத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறார். 'கர்த்தருடைய அநுக்கிரக வருஷம்' வரை வந்து சுருளை மூடிவிட்டார். மூலத்தில் அடுத்த சொற்கள், 'நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாள்'. பழிவாங்கும் நாள்.

அந்த ஊர்க்காரர்கள் அந்த நாளுக்குத்தான் காத்திருந்திருப்பார்கள். நாசரேத் சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் செப்போரிஸ் நகரம். கி.மு. 4இல் ஏரோது செத்ததும் யூதா என்பவன் ஆட்களைத் திரட்டி அந்நகரத்து ஆயுதக்கிடங்கை உடைத்தான். சீரியாவின் ஆளுநர் வாரு படையோடு வந்து நகரத்தையே எரித்து, குடிமக்களை அடிமைகளாக விற்றான். நாடெங்கும் பிடிபட்ட கலகக்காரர்களில் சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்கிறார் யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர். அப்போது இயேசு கைக்குழந்தை. அந்த ஜெபஆலயத்தில் இருந்த பெரியவர்கள் அந்தப் புகையைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுக்குச் சிலுவை ஒரு சின்னம் இல்லை. தெரிந்தவர்கள் தொங்கிய மரம்.

இவ்வளவுக்கும் அவர்கள் உடனே கோபப்படவில்லை. லூக்கா சொல்வதன்படி, அவர் வாயிலிருந்து வந்த கிருபையுள்ள வார்த்தைகளைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். "இவன் யோசேப்பின் குமாரன் அல்லவா" என்பதில் பாதி பெருமைகூட இருந்திருக்கலாம். நம்ம பையன் என்கிற பெருமை. கோபம் வந்தது அதற்குப் பிறகு. இயேசு இரண்டு பழைய கதைகளை எடுத்தார். தீர்க்கதரிசி எலியாவின் காலத்தில் பஞ்சம் வந்தபோது இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் எலியா அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சாறிபாத் ஊர் விதவையிடம். அவருக்குப் பின் வந்த எலிசாவின் காலத்தில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் குணமானவன் சீரியனாகிய நாகமான், அதாவது எதிரி நாட்டுப் படைத்தலைவன். இதைக் கேட்டதும் ஜெபஆலயத்திலிருந்த எல்லாரும் கோபமூண்டு எழுந்து, அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கவனியுங்கள்: 'என்னை அபிஷேகம் பண்ணினார்' என்றபோது தலையாட்டியவர்கள், 'அந்த அபிஷேகம் உங்களுக்கு மட்டுமில்லை' என்றபோதுதான் கையை ஓங்கினார்கள். இயேசு ஏன் ஏற்கப்படவில்லை என்ற பெரிய கேள்விக்கு லூக்கா தருகிற பதில் இந்த ஒரு காட்சிக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி.

மாற்கு இதே ஊர்க்கதையைச் சுருக்கி, வேறு தொனியில் சொல்கிறார். 'இவன் தச்சன் அல்லவா, மரியாளுடைய குமாரன் அல்லவா, இவன் சகோதரிகள் இங்கே நம்மிடத்தில் இல்லையா?' நம் வீட்டுக் கதவுக்கு இழைப்புளி போட்டவன் எப்படி மேசியாவாக முடியும் என்பதுதான் கேள்வி. தீர்க்கதரிசிக்குத் தன் ஊரில் மதிப்பில்லை என்ற வாக்கு இந்த இடத்தில் வருவது.

சீடர்களுக்கே பிடிக்காத மேசியா

வெளியாட்கள் மட்டும் மறுத்தார்கள் என்றும் இல்லை. செசரியா பிலிப்பு பக்கத்துக் கிராமங்களில் நடந்துபோகும்போது இயேசு கேட்கிறார், 'நீங்கள் என்னை யார் என்று சொல்கிறீர்கள்?' சீடர் பேதுரு, "நீர் கிறிஸ்து" என்கிறார். சரியான விடை. ஆனால் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று இயேசு கட்டளையிடுகிறார். அடுத்த மூச்சில், தான் பாடுபட்டுக் கொல்லப்படவேண்டும் என்கிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். 'எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே' என்று திட்டு வாங்குகிறார். பட்டத்தைச் சரியாகச் சொன்னவர், அதன் பொருளை ஊரே நினைத்ததுபோல்தான் நினைத்திருந்தார்.

இயேசு எருசலேமுக்குள் நுழைந்த குருத்தோலை ஞாயிறன்று கூட்டம் 'ஓசன்னா' என்று கத்தியதும் அப்படித்தான். ஓசன்னா இன்று நமக்குப் பாட்டுச் சொல். அன்று அது 'காப்பாற்றும்' என்ற வேண்டுதல். தாவீதின் மகனே, காப்பாற்றும். குதிரையில் வருவார் என்று எதிர்பார்த்த இடத்தில் கழுதையில் வந்தார். அதுவும் சகரியா 9ஆம் அதிகாரத்தில் உள்ளதுதான் என்றாலும்.

எருசலேமின் கணக்கு வேறு

நாசரேத்தின் கோபம் உணர்ச்சி. எருசலேமில் நடந்தது பெரிதும் நிர்வாகம்.

பஸ்கா என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான நாள். அந்நிய ஆட்சிக்குக் கீழே விடுதலைத் திருநாள், நகரம் கொள்ளாத கூட்டம். கி.மு. 4இன் பஸ்காவில் கலவரம் மூண்டு, ஏரோதின் மகன் அர்கெலாயு ஏறக்குறைய 3,000 பேரைக் கொன்றான் என்று யோசேபஸ் எழுதுகிறார். அதனால் ரோம ஆளுநர் தன் கடற்கரைத் தலைநகரான செசரியாவிலிருந்து படையோடு எருசலேமுக்கு வந்து இருப்பது வழக்கம். கி.பி. 26 முதல் 36 வரை அந்த ஆளுநர் பொந்தியு பிலாத்து. அவன் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது.

பிரதான ஆசாரியரின் நிலைமையையும் பார்க்கவேண்டும். காய்பாவை அந்தப் பதவியில் வைத்தவர் ரோம ஆளுநர். திருநாளில் பிரதான ஆசாரியர் உடுத்தவேண்டிய உடையே ரோமர் பொறுப்பில், அந்தோனியா கோட்டையில் பூட்டியிருந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் கேட்டு வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அபிஷேக வழியில் வந்த பதவி, உடைக்கு அந்நியனிடம் கைநீட்டி நின்றது. இயேசு ஆலய முற்றத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தது அந்த நேரத்தில்தான். 'இவனை விட்டுவிட்டால் ரோமர் வந்து இடத்தையும் ஜனத்தையும் அழித்துவிடுவார்கள்' என்று யோவான் 11இல் ஆலோசனைச் சங்கத்தார் பதறுவது வெறும் சாக்கு என்று என்னால் சொல்லமுடியவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குள், கி.பி. 70இல், ரோமர் வந்து அழிக்கவும் செய்தார்கள். முழு ஜனமும் கெடுவதைவிட ஒரு மனுஷன் சாவது மேல் என்று காய்பா கணக்குப் போட்டார். கொடுமையான கணக்கு. ஆனால் அது ஓர் அதிகாரியின் கணக்கு. மக்கள் கூடி எடுத்த முடிவு இல்லை.

தீர்ப்புச் சொன்னது பிலாத்து. சிலுவை ரோமத் தண்டனை. தலைக்கு மேல் அடித்த பலகையில் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்று மூன்று மொழியில் "நசரேயனாகிய இயேசு, யூதருடைய ராஜா". ரோமின் கண்ணில் குற்றம் அந்தப் பட்டம்தான். ஆசாரியர்கள், 'ராஜா என்று எழுதாதேயும், தன்னை ராஜா என்று சொன்னதாக எழுதும்' என்று கேட்டார்கள். "நான் எழுதினது எழுதினதே" என்றான் பிலாத்து.

அன்று உலகில் இருந்த யூதர்களில் பெரும்பாலோர் யூதேயாவில் இல்லவே இல்லை. அலெக்சாந்திரியாவில், பாபிலோனில், ரோமில் இருந்தார்கள். அவர்கள் இயேசுவின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். கேள்விப்படாதவரை எப்படிப் புறக்கணிப்பது?

சிலுவைதான் தடை

மேசியா தோற்கக்கூடாது. அதைவிட, மரத்தில் தொங்கக்கூடாது. தூக்கிப்போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்கிறது உபாகமம் 21. கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்டார் என்ற செய்தி 'யூதருக்கு இடறல்' என்று ஆதிச் சபையின் போதகரான பவுல் எழுதியதைச் சிலர் ஏச்சாகப் படிக்கிறார்கள். எழுதியவர் யூதர், வேதச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயர் பிரிவில் வளர்ந்தவர். தான் இடறி விழுந்த கல்லைத்தான் சொல்கிறார். 'சிலுவையில் அறையப்பட்ட மேசியா' என்பது அன்று யூதக் காதுக்கு 'தேர்தலில் டெபாசிட் இழந்த முதலமைச்சர்' என்பதுபோல் ஒட்டாத சொற்சேர்க்கை.

ஒட்டவைக்கச் சீடர்கள் வேதத்தையே திரும்பப் புரட்டினார்கள். அப்போது அவர்கள் கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று 118ஆம் சங்கீதம்: "வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே, மூலைக்குத் தலைக்கல்லாயிற்று." இன்னொன்று ஏசாயா 53: அசட்டைபண்ணப்பட்டவரும் மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவருமான ஒரு தாசன், பிறர் பாவத்தைச் சுமந்து ஆட்டுக்குட்டியைப்போல வாய்திறவாமல் சாகிறார். கிறிஸ்தவ வாசிப்பில் இது இயேசுவின் உருவப்படமே. புறக்கணிப்பு அந்த வாசிப்பில் தோல்வியாக இல்லாமல், மேசியா யாரென்று காட்டும் அடையாளமாகவே மாறிவிடுகிறது.

யூத வாசிப்பு வேறு. 11ஆம் நூற்றாண்டின் ராஷி போன்ற உரையாசிரியர்கள் அந்தத் தாசன் இஸ்ரவேல் மக்களே என்கிறார்கள். அதே புத்தகத்தில் 41ஆம் அதிகாரம் "என் தாசனாகிய இஸ்ரவேலே" என்று நேராகவே கூப்பிடுகிறது. சிதறி, அடிபட்டு, வாய்திறவாமல் செத்தவர்கள் நாங்கள்தானே என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயமில்லை என்று யாரால் சொல்லமுடியும்? அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் காசாவுக்குப் போகும் சாலையில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து இந்த அதிகாரத்தையே படித்துக்கொண்டிருக்கிறார். இயேசுவைப் பற்றிப் போதித்துவந்த பிலிப்புவிடம், 'தீர்க்கதரிசி யாரைப் பற்றிச் சொல்கிறார், தம்மைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா?' என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில்தான் இரு மதங்களும் பிரிந்தன.

ஏற்றவர்களும் அவர்களே

சின்ன வயதில் எங்கள் சண்டே ஸ்கூலில் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஆசிரியை, 'யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்' என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு பையன், "டீச்சர், இயேசுவும் யூதர்தானே?" என்றான். ஆசிரியை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே' என்றார். அதுதான் கேட்கவேண்டிய கேள்வி என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

இயேசு யூதர். மரியாள், பேதுரு, யோவான், மகதலேனா மரியாள் எல்லாரும் யூதர். முதல் சபை எருசலேமில் தினமும் ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குத் தலைவராக இருந்தவர் யாக்கோபு, முன்பு நம்பாதிருந்த அதே சகோதரர்களில் ஒருவர். 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயரே பிற்பாடு அந்தியோகியா நகரத்தில் வந்தது. யூதரல்லாதவர்கள் திரளாகச் சேர்ந்து, ஆலயமும் அழிந்த பிறகுதான் இரண்டு வீடாகப் பிரிந்தார்கள். அதுவரை நடந்தது குடும்பத்துக்குள் வாக்குவாதம். யோவான் சுவிசேஷத்தில் அடிக்கடி வரும் 'யூதர்' என்ற கிரேக்கச் சொல் யூதேயா நாட்டாரையும் குறிக்கும். கலிலேயாவிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் தலைநகரத்து ஆட்கள். பல இடங்களில் ஆலய அதிகாரிகள் என்று வைத்துப் படித்தால் காட்சி சட்டென்று தெளிவாகும்.

அந்த வாக்குவாதத்தின் வலியைப் பவுலைவிட யாரும் ஆழமாக எழுதவில்லை. ரோமர் 9 முதல் 11 வரை மூன்று அதிகாரம் இதற்கே. "தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று கேட்கிறேன், தள்ளிவிடவில்லையே." பிறகு ஒலிவமரத்தின் படம் ஒன்றை வரைகிறார். யூதரல்லாத நீங்கள் காட்டு ஒலிவக்கிளை. நல்ல மரத்தில் ஒட்டவைத்திருக்கிறார்கள். முறிந்த கிளைகளைப் பார்த்துப் பெருமையடிக்காதே, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர் உன்னைச் சுமக்கிறது.

பின்னால் வந்தவர்கள் சரியாக அந்தப் பெருமையைத்தான் அடித்தார்கள். சில அதிகாரிகளும் ஒரு கூட்டமும் செய்ததை ஓர் இனத்தின் மேல், தலைமுறை தலைமுறையாகச் சுமத்தினார்கள். 1096இல் முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் வழியிலேயே ரைன் நதிக்கரை யூதர்களை வெட்டின. 1290இல் இங்கிலாந்து, 1492இல் ஸ்பெயின் அவர்களை வெளியேற்றின. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் யூதர்களைப் பற்றி 1543இல் எழுதியதைப் படித்தால் இன்று எந்த லூத்தரன் சபைக்கும் தலை குனியும். 1965 அக்டோபர் 28 அன்றுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளில் நடந்ததற்காக அன்றைய யூதர் எல்லார்மேலும் வேறுபாடின்றியோ, இன்றைய யூதர்மேலோ பழி போடமுடியாது என்று எழுத்தில் வைத்தது.

இன்னும் காத்திருப்பவர்கள்

இயேசுவை மட்டும் தனியாகப் பிடித்து மறுத்தார்கள் என்பதும் சரியில்லை. கி.பி. 132இல் சீமோன் என்பவன் ரோமை எதிர்த்து எழுந்தான். பெரும் ரபியான (யூத மத ஆசிரியர்) அகிபா அவனை மேசியா என்றே கொண்டாடி, பார் கோக்பா, 'நட்சத்திரத்தின் மகன்' என்றார். யோகனான் பென் தோர்த்தா என்ற இன்னொரு ரபி அவருக்குச் சொன்ன பதிலை ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது: 'அகிபா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், தாவீதின் மகன் அப்போதும் வந்திருக்கமாட்டான்.' மூன்றரை ஆண்டில் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. நட்சத்திரத்தின் மகன், 'பொய்யின் மகன்' ஆனான்.

மேசியாவுக்கு யூதர்கள் வைத்திருக்கும் சோதனை எளியது. வாள்கள் கலப்பைக்கொழுக்களாக அடிக்கப்பட்டுவிட்டனவா? சிதறியவர்கள் கூடிவிட்டார்களா? உலகத்தில் யுத்தம் நின்றதா? இல்லையென்றால் மேசியா வரவில்லை. கிறிஸ்தவர்கள் இதற்கு, அவர் வந்தது முதல் வருகை, மிச்சம் இரண்டாம் வருகையில் என்பார்கள். யூதர்கள், ஒரே வருகையில் முடிக்கவேண்டிய வேலை அது என்பார்கள். பஸ்கா இரவு விருந்தில் எலியாவுக்கென்று ஒரு கிண்ணம் திராட்சரசம் ஊற்றி வைத்து, வாசற்கதவைத் திறந்து பார்க்கும் வழக்கம் இன்றும் யூத வீடுகளில் உண்டு. மேசியாவுக்கு முன்னால் எலியா வரவேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிதேசு என்ற யூத மேதை இந்தச் சோதனையைச் சட்டமாகவே எழுதி வைத்தார்: வெற்றி பெறாதவரும் கொல்லப்பட்டவரும் வாக்களிக்கப்பட்ட மேசியா அல்லர். அந்தக் கணக்கில் இயேசு தேறவில்லை. ஆனால் அதே இடத்தில், யாரும் எதிர்பாராத ஒன்றையும் எழுதினார். அந்த நாசரேத்தூராராலும் அவருக்குப் பின் வந்த இஸ்லாத்தாலும் மேசியாவைப் பற்றிய பேச்சும் வேதத்தின் பேச்சும் தூரத் தீவுகள்வரை, எத்தனையோ மக்களிடம் பரவி, வரப்போகிற ராஜாவுக்கு வழி திருத்தப்படுகிறது என்றார். இந்தப் பத்தியை ஐரோப்பியக் கிறிஸ்தவத் தணிக்கைக்காரர்கள் வெட்டிவிட்டதால் பல நூற்றாண்டு அச்சுப் பதிப்புகளில் அது காணப்படவில்லை. ஏமனிலிருந்து வந்த கையெழுத்துப் பிரதிகளில் தப்பிப் பிழைத்திருந்தது.